பலகையின் நடுவில் அடிக்கும் ஆணி

ஃபுளோரிடாவில் வீட்டுக் காப்பீட்டுத் தவணையைக் கொஞ்சமாவது குறைக்க நினைப்பவர்கள், உரிமம் பெற்ற ஒரு சோதகரை வீட்டுக்கு வரவழைக்கிறார்கள். வருபவர் ஜன்னல், கதவு, கூரையின் வடிவம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்வார். வியர்த்துக் கொட்டும் வேலை அதற்குப் பிறகுதான். ஏணி போட்டு, கூரைக்கும் அறையின் மேல்தட்டுக்கும் நடுவே இருக்கும் இருட்டுப் பரணுக்குள் ஊர்ந்து போக வேண்டும். கையில் டார்ச், அளவு நாடா, கேமரா. சிலர் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் சிறு கருவி ஒன்றும் வைத்திருப்பார்கள். இவ்வளவும் ஆணியைத் தேடுவதற்கு.

என்ன நீள ஆணி, எத்தனை அங்குலத்துக்கு ஒன்று? மாநிலம் வகுத்துக் கொடுத்த படிவத்தில் இதற்கென்றே கட்டங்கள் உண்டு. ஸ்டேப்பிளோ 2 அங்குல ஆணியோ அடித்திருந்தால் 'ஏ'. இரண்டரை அங்குல ஆணி, பலகையின் நடுப்பகுதியில் 12 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 'பி'. அதே ஆணி 6 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 'சி'. பி-யைவிட சி-க்குத் தவணையில் தள்ளுபடி அதிகம். காப்பீட்டுக்காரர் சும்மா பணம் விடுகிறவர் இல்லை. ஆறு அங்குலத்துக்கு அவர் விலை வைத்திருக்கிறார் என்றால், அந்த விலைக்குப் பின்னால் பெரிய நஷ்டக் கணக்கு ஒன்று இருந்தாக வேண்டும். இருக்கிறது.

கான்கிரீட் தளத்துக்கடியில் வளர்ந்தவர்களுக்கு அமெரிக்க வீட்டின் கூரை முதல் பார்வையில் நம்பிக்கை தராது. சுவரின் மேல் முக்கோண வடிவ மரச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். ட்ரஸ் என்று பெயர். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பெரும்பாலும் 24 அங்குலம். ஒவ்வொரு சட்டத்தின் கனமும் ஒன்றரை அங்குலம்தான். அவற்றின் மேல் 4 அடிக்கு 8 அடி ப்ளைவுட் பலகைகளையோ, மரச்சீவல்களைப் பசையோடு அழுத்திச் செய்த ஓஎஸ்பி பலகைகளையோ பரப்புகிறார்கள். அரை அங்குலம் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல் கனம். இந்தப் பலகை அடுக்குக்கு ஷீத்திங் என்று பெயர். அதன் மேல் நீர் புகாத விரிப்பு, அதற்கு மேல் தார் பூசிய ஷிங்கிள். தெருவில் நின்று பார்த்தால் கண்ணுக்குப் படுவது ஷிங்கிள் மட்டுமே. பலகைக்கும் ட்ரஸ்ஸுக்கும் இடையே சிமென்ட்டும் கிடையாது, போல்ட்டும் கிடையாது. ஆணி மட்டும்தான்.

கூரை கீழே விழாமல் இருக்க ஆணி எதற்கு, பலகை தன் கனத்திலேயே படுத்துக் கிடக்காதா என்று தோன்றலாம். சாதாரண நாளில் அப்படித்தான். புயல் நாளில் காற்று கூரையை அமுக்குவதைவிட அதிகமாக மேலே இழுக்கிறது. சரிவின் மேல் ஏறி முகட்டைத் தாண்டும் காற்று மேற்பரப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். அங்கே அழுத்தம் இறங்கிவிடும், பலகை மேல்நோக்கி உறிஞ்சப்படும். மூலைகளிலும் ஓரங்களிலும் முகட்டை ஒட்டியும் இந்த இழுவை மிகக் கடுமை. மூலையில் நடுக்கூரையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகப் போகலாம். இதற்கிடையில் ஒரு ஜன்னலோ கார் கொட்டகையின் அகலக் கதவோ உடைந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்று பலகையைக் கீழிருந்தும் தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல், இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சதுர அடிக்கு 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ மேலிழுவை என்று வைத்துக்கொள்வோம். கடும் புயலில் கூரை ஓரங்களில் எட்டக்கூடிய அளவுதான். ஒரு பலகையின் பரப்பு 32 சதுர அடி. ஆக, ஒரே பலகையின் மேல் 860 கிலோவுக்கும் மேல். பலகையின் சொந்த எடை 20 கிலோ அளவுக்குத்தான் வரும், ஆகவே அதை மறந்துவிடலாம். முழுச் சுமையும் ஆணிகளுக்கு.

இந்தச் சுமையை ஆணிகள் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது. வழக்கமான முறைப்படி பலகையின் விளிம்பில் 6 அங்குலத்துக்கு ஓர் ஆணி. நடுவே ஓடும் மூன்று ட்ரஸ்களில் 12 அங்குலத்துக்கு ஒன்று. முனையில் உள்ள ஆணிக்கு ஒரு பக்கம் மட்டுமே பலகை. அது பொறுப்பேற்கும் பரப்பு 12 அங்குலத்துக்கு 6 அங்குலம், அதாவது அரை சதுர அடி. நடுவில் உள்ள ஆணிக்கு இரண்டு பக்கமும் பலகை. அதன் பங்கு 24 அங்குலத்துக்கு 12 அங்குலம், இரண்டு சதுர அடி. மேலே சொன்ன இழுவையில் முனை ஆணிக்கு வருவது 14 கிலோவுக்கும் குறைவு, நடு ஆணிக்கு 54 கிலோ. நான்கு மடங்கு! அதிகம் சுமப்பது எதுவோ அங்கேதான் ஆணி குறைவாக அடிக்கப்பட்டிருக்கிறது. புயலில் பலகை நடுவில்தான் முதலில் பிடி விடும். ஓர் ஆணி கழன்றால் அதன் சுமை பக்கத்து ஆணிக்குத் தாவும், பிறகு வரிசையாக ஒவ்வொன்றும் கழலும்.

விளிம்பில் நெருக்கமாக அடிக்கும் பழக்கம் முட்டாள்தனத்தில் வந்ததில்லை. பக்கவாட்டு விசையில் கூரை கோணாமல் இருக்க, தனித்தனிப் பலகைகள் ஒரே தகடுபோல நடந்துகொள்ள வேண்டும். அந்த வேலைக்கு விளிம்பு ஆணிகளே முக்கியம். மேல்நோக்கிய இழுவை வேறு விதமான கேள்வி கேட்கிறது. அதற்குப் பழைய இடைவெளியில் பதில் இல்லை.

நடுவிலும் 6 அங்குலத்துக்கு ஒன்று என்று மாற்றினால் அந்த ஆணியின் பங்கு ஒரு சதுர அடியாகிறது, சுமை பாதியாகிறது. செலவு? ஒரு பலகைக்கு முன்பு 33 ஆணி, இப்போது 45. பன்னிரண்டு ஆணி கூடுதல். 2,000 சதுர அடிக் கூரைக்குச் சுமார் 63 பலகை தேவை, ஆகவே 750 சொச்சம் ஆணி. வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது வாசல் மிதியடிக்குக்கூடக் காணாத தொகை.

இந்தக் கணக்கை அமெரிக்கா கற்றுக்கொண்ட இடம் மயாமிக்குத் தெற்கே. 1992 ஆகஸ்ட் 24 விடிவதற்கு முன் ஆண்ட்ரூ புயல் ஹோம்ஸ்டெட் வட்டாரத்தில் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 265 கிலோமீட்டர் என்பது பின்னால் செய்த மறு ஆய்வின் முடிவு. பத்து ஆண்டு கழித்து, 2002இல், அது புயல் வலிமை அளவுகோலில் நான்காம் வகையிலிருந்து ஐந்தாம் வகைக்கு உயர்த்தப்பட்டது. மயாமியை உள்ளடக்கிய டேட் கவுன்ட்டியில் 25,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன, ஒரு லட்சம் வீடுகளுக்கு மேல் சேதம். இழப்பீடு கொடுத்தே பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின.

காற்று அசுரத்தனமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் சில வீடுகள் நின்றன, சில வீடுகள் போயின. மத்திய அவசரகால மேலாண்மை நிறுவனமான ஃபெமா அனுப்பிய பொறியாளர் குழு அந்த டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, கூரைப் பலகைகள் பறந்ததை மரக்கட்டு வீடுகளின் முக்கியத் தோல்விகளில் ஒன்றாகக் காட்டியது. பலகை போனால் மழை உள்ளே கொட்டும் என்பதோடு முடியவில்லை. ட்ரஸ்களை நிமிர்த்திப் பிடித்திருப்பதே பலகைதான். அது விலகியதும் ட்ரஸ்கள் சீட்டுக்கட்டு அடுக்கியதைப்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கூரையின் முனையில் நிற்கும் முக்கோணச் சுவரும் கூடவே விழுந்தது.

கீழே கிடந்த பலகைகளைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இன்னும் சங்கடமான காட்சிகள் காத்திருந்தன. ஆணிக்குப் பதில் ஸ்டேப்பிள். அந்த ஸ்டேப்பிளின் இரண்டு கால்களும் மரத்துக்குள் இறங்க வேண்டுமானால் அதன் முதுகு ட்ரஸ்ஸின் நீளவாட்டில் படுக்க வேண்டும். குறுக்கே அடித்திருந்ததில் ஒரு கால் மட்டுமே மரத்தைத் தொட்டது, சிலவற்றில் அதுவும் இல்லை. ஆணி அடித்த பலகைகளிலும் ட்ரஸ்ஸைத் தொடாமலே போன ஆணிகள் இருந்தன. அந்தப் பலகைகள் புயல் வரும்வரை நின்றது புவியீர்ப்பின் தயவில்.

மயாமி ஹெரால்டு நாளிதழ் அப்போது ஒரு வேலை செய்தது. சேதப் பட்டியலையும் வீட்டு வரிப் பதிவேட்டையும் கணினியில் ஏற்றிப் பொருத்திப் பார்த்தது. ஸ்டீவ் டாய்க் என்ற செய்தியாளர் செய்த அந்த ஒப்பீட்டில், பழைய வீடுகளைவிடப் புதிய வீடுகளே அதிகம் நொறுங்கியிருப்பது தெரிந்தது. வேகமாகக் கட்டியதும், கட்டட விதிகள் தளர்ந்ததும், ஒரு நாளில் பார்க்க முடியாத அளவு வீடுகளைச் சோதகர்களின் தலையில் கட்டியதும் சேர்ந்து செய்த வேலை. ஆண்ட்ரூ பற்றிய செய்திகளுக்காக அந்த நாளிதழுக்கு 1993இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

இன்னொரு கதையும் ஃபுளோரிடாவில் அடிக்கடி சொல்லப்படும். ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற தொண்டு அமைப்பு டேட் கவுன்ட்டியில் கட்டிக்கொடுத்திருந்த எளிய வீடுகள் ஆண்ட்ரூவில் பெரிய சேதமில்லாமல் தப்பின. காரணம் கேட்டால், கட்டியவர்கள் தச்சர்கள் இல்லை என்பார்கள். சனிக்கிழமை வந்து சுத்தியல் பிடித்த தொண்டர்கள். தன் கையின்மேல் நம்பிக்கை இல்லாதவர் ஓர் ஆணி போதும் என்ற இடத்தில் மூன்று அடிப்பார். இதில் கொஞ்சம் உப்புக்காரம் கூடியிருக்கலாம். மேலே போட்ட கணக்கைப் பார்த்த பிறகு, அடிப்படை பொய் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை.

தெற்கு ஃபுளோரிடா 1994இல் விதிகளை இறுக்கியது. கூரைப் பலகைக்கு ஸ்டேப்பிள் கூடாது என்றானது. மாநிலம் முழுவதற்குமான ஒரே விதித்தொகுப்பு 2002 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2004 ஆகஸ்டில் சார்லி புயல் பூன்டா கோர்டா ஊரைத் தாக்கியபோது, புதிய விதிப்படி கட்டிய வீடுகள் பழையவற்றைவிடத் தெளிவாகவே நன்றாகத் தாங்கின.

இனி ஆணியையே எடுத்துப் பார்க்கலாம். 2 அங்குல ஆணியை அரை அங்குலப் பலகையில் அடித்தால் மரத்துக்குள் இறங்குவது ஒன்றரை அங்குலம். இரண்டரை அங்குல ஆணி 2 அங்குலம் இறங்கும், சற்றுத் தடிமனும்கூட. மரத்தின் பிடி, இறங்கிய நீளத்தையும் தண்டின் விட்டத்தையும் பொறுத்தது. இரண்டும் சேர்ந்து பிடியை ஒன்றரை மடங்காக்கிவிடுகின்றன.

மரத்தின் அடர்த்தி இதைவிடப் பெரிய கை. விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 1910 முதல் இயங்கும் அரசின் வனப்பொருள் ஆய்வகம், மரத்தில் அடித்த ஆணியைப் பிடுங்கிப் பிடுங்கியே ஒரு சூத்திரம் கண்டிருக்கிறது. வழவழப்பான ஆணியைப் பிடுங்கத் தேவையான விசை, மரத்தின் ஒப்படர்த்தியின் இரண்டரை அடுக்குப்படி ஏறுகிறது. தெற்குப் பைன் மரத்தின் ஒப்படர்த்தி கணக்குக்கு 0.55, வடக்கிலிருந்து வரும் ஸ்ப்ரூஸ், ஃபர் கலவை மரத்துக்கு 0.42. எண்ணில் வித்தியாசம் சின்னது. இரண்டரை அடுக்கில் ஏற்றினால் முதலாவதின் பிடி ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரே ஆணி, ஒரே நீளம், ஒரே தச்சர். மரக்கடையில் எந்த லாரி வந்தது என்பதைப் பொறுத்துக் கூரையின் வலு பாதியாகலாம்.

இதற்கு ஒரு மாற்று, தண்டில் வளையம் வளையமாக வரி விழுந்த ஆணி. ஆணி இறங்கும்போது பிளந்து ஒதுங்கும் மர நார்கள் அந்த வரிகளுக்குள் திரும்பிப் புகுந்து கவ்விக்கொள்ளும். வழவழப்பான ஆணியைப் பிடித்திருப்பது உராய்வு மட்டும். ஈரப்பசையுள்ள மரத்தில் அதை அடித்து, மரம் பிறகு காய்ந்து சுருங்கினால் பிடி பெருமளவு தளர்ந்துவிடும். வரி ஆணி அந்த விளையாட்டுக்கு எளிதில் மசியாது. அதே நீளத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு இழுவையைத் தாங்கும்.

சரி, ஆணி வெளியே வராது என்று ஆகிவிட்டது. காற்று விட்டுவிடுமா? ஆணி மரத்திலேயே நிற்க, அதன் தலை பலகையைத் துளைத்து, பலகை மட்டும் மேலே போனது. தண்டைப் பலப்படுத்தியதும் பலவீனம் தலைக்கு இடம் மாறிவிட்டது. எட் சட் என்ற பொறியாளர் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1995இல் மரிலின் புயல் சூறையாடிய கரீபியன் தீவுகளுக்குச் சேதம் பார்க்கப் போனவர் அவர். அங்கே மரம் உடையவில்லை, ஆணிதான் தோற்றிருந்தது. பின்னால் பாஸ்டிச் நிறுவனத்தில் சேர்ந்து ஹரிகுவேக் என்ற ஆணியை வடிவமைத்தார். அடித்தண்டில் வளைய வரிகள். தலைக்குக் கீழே திருகு வரி, துளையை இறுக்கி அடைப்பதற்கு. தலை வழக்கத்தைவிடக் கால் பங்கு பெரியது. பாப்புலர் சயன்ஸ் இதழ் 2006இன் சிறந்த புதுமையாக அதைத் தேர்ந்தெடுத்தது. ராக்கெட்டும் கணினியும் போட்டியிடும் பந்தயத்தில் ஓர் ஆணி வென்றது தச்சர்களுக்கு இனிப்பான செய்தியாகத்தான் இருந்திருக்கும்.

பொறியாளர் தலையைப் பெரிதாக்குகிறார். கூரை மேல் நிற்பவர் ஒரு நொடியில் அதை வீணாக்கலாம். இப்போது அநேகமாக யாரும் சுத்தியலால் கூரை வேய்வதில்லை, காற்றழுத்தத்தில் ஓடும் ஆணித் துப்பாக்கிதான். அழுத்தம் கொஞ்சம் கூடினால் ஆணித்தலை பலகையின் மேல் தகட்டை உடைத்து உள்ளே இறங்கிவிடும். அரை அங்குலப் பலகையில் எட்டில் ஒரு பங்கு அங்குலம் இறங்கினால், தலைக்குக் கீழே மிச்சம் முக்கால் பங்கு மரமே. தலை பலகையோடு சமமாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆழமாக அடித்தால் உறுதி என்ற நினைப்பு இங்கே தலைகீழ்.

சுத்தியல் பேசும். மரம் கிடைத்தால் ஒரு சத்தம், வெறும் பலகையென்றால் வேறு சத்தம், கைக்கும் தெரியும். துப்பாக்கிக்கு எல்லாம் ஒரே 'டப்'. பலகை போட்ட பிறகு ட்ரஸ் கண்ணுக்குத் தெரியாது, குறி வைக்க வேண்டிய இடமோ ஒன்றரை அங்குலம். இரண்டு பலகைகள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் அதில் பாதி, முக்கால் அங்குலம். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி அடிக்க வேண்டும். கூடினால் மரம் தப்பும், குறைந்தால் பலகை ஓரம் பிளக்கும். நல்ல வேலையாட்கள் முதலில் சுண்ணத்தூள் தோய்த்த நூலைத் தட்டி நீலக் கோடு போட்டுக்கொள்வார்கள். அவசரக்காரர்கள் கண்ணளவில் சுடுவார்கள். தப்பிய ஆணி பரணுக்குள் பளபளவென்று நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஷைனர் என்று பெயர். கூரைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. காப்பீட்டுச் சோதகருக்கு மட்டும் அதனால் ஓர் உபகாரம்: மரத்துக்குள் புதைந்த ஆணியின் நீளத்தை அளக்க முடியாது, தப்பிய ஆணியில் நாடா வைத்து அளந்துவிடலாம்.

கடையில் போய் ரூஃபிங் நெயில் என்று கேட்டால் கிடைப்பது இந்த ஆணி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஷிங்கிளைப் பலகையில் பிடிக்கிற குட்டை ஆணி: துத்தநாகம் பூசியது, சட்டைப் பொத்தான்போல அகலத் தலை. ஷிங்கிள் ஒன்றுக்கு நான்கு, காற்று அதிகமுள்ள இடத்தில் ஆறு. ஷிங்கிள் பறப்பதைத்தான் ஊர் பார்க்கும், படமெடுக்கும். ஷிங்கிள் போனாலும் பலகை நின்றால் வீடு பெரும்பாலும் வீடாகவே இருக்கும். பலகை போனால் எத்தனை ஷிங்கிள் ஆணி அடித்திருந்தாலும் அத்தனையும் பலகையோடு சேர்ந்தே பறக்கும்.

பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். பலகை வெளிச்சம் பார்ப்பது பழைய ஷிங்கிளை உரித்தெடுக்கும் நாளில் மட்டுமே. ஃபுளோரிடா 2007இல் அந்த நாளைப் பிடித்துக்கொண்டது: பழைய விதிப்படி கட்டிய தனி வீடுகளில் ஷிங்கிள் மாற்றும்போது பலகைக்கும் புதிதாக ஆணி அடித்தாக வேண்டும். பழையதைப் பிடுங்க வேண்டியதில்லை, இடையிடையே புது வரி ஆணிகளை அடித்து 6 அங்குல இடைவெளிக்குக் கொண்டுவந்தால் போதும். ஒப்பந்தக்காரர்கள் காலையிலேயே உரிக்கத் தொடங்குவார்கள். ஃபுளோரிடாவின் கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை வருவது வழக்கம், அதற்குள் பலகை மேல் விரிப்பு ஏறியிருக்க வேண்டும். உரித்து முடித்ததற்கும் விரிப்பு போடுவதற்கும் நடுவே கிடைக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் சுண்ணத்தூள் கோடு, பலகையின் நடுவே கூடுதல் பன்னிரண்டு ஆணி, அளவு நாடாவை வைத்து எடுக்கிற புகைப்படம், எல்லாம்.